ரூட்டருக்கு ஃபொயில் சுற்றலாமா? வெள்ளவத்தையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் வசிக்கும் சகோதரி ஒருவர் ஒரே மூச்சில் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். காலி வீதியில் ஒரு கடைத்தொகுதிக்குப் போனாராம். அங்கே வைஃபையில் இணையவே இல்லையாம். ஆனால் மறுநாள், தான் ஏறிப் பார்த்த அதே கடையின் விளம்பரம் போனில் வந்து நின்றதாம். எப்படி? இரண்டாவது, வைஃபை ரூட்டர் சுவருக்கு அப்பால் இருக்கிற ஆட்களைப் பார்க்கும் என்று கணவர் ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, வீட்டு ரூட்டரை அலுமினிய ஃபொயில் தாளால் சுற்றி வைத்திருக்கிறார். அதில் அர்த்தம் இருக்கிறதா? மூன்றாவது, மகள் பம்பலப்பிட்டிக்கு ரியூஷனுக்குப் போய்வருகிறாள். யாராவது அவளை இந்த அலைகளை வைத்துப் பின்தொடர முடியுமா?

பதின்மூன்று வருடமாகக் கொழும்பில் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் வைஃபை பூட்டிக் கொடுப்பதுதான் என் வேலை. அதனால் இந்த விஷயத்தைப் பெட்டிக்கு உள்ளே இருந்து பார்த்த பழக்கம் உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் வீட்டில் பயத்தின் வரிசை தலைகீழாக இருக்கிறது. கணவர் பயப்படுகிற ரூட்டர் உங்களை அடையாளம் காண நிறையப் பாடுபட வேண்டும். கடையின் இலவச வைஃபையில் இணைய நீங்களே போன் இலக்கத்தைத் தட்டிக் கொடுக்கிற லொகின் பக்கமோ எந்தப் பாடும் படத் தேவையில்லை.

சரி, போனிலிருந்து தொடங்குவோம்.

வைஃபை ஒன் செய்திருக்கிற போன் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் தெரிந்த வைஃபை ஏதும் இருக்கிறதா என்று சில விநாடிக்கோ சில நிமிடத்துக்கோ ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கூப்பாட்டோடு தன் மெக் முகவரியையும் அனுப்பும். பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த இலக்கம் அது. முன்பாதி எந்தக் கம்பெனி செய்த சிப் என்பதைச் சொல்லும், பின்பாதி அந்தச் சிப்புக்கே உரியது. பழைய போன்களில் இன்னொரு கூத்தும் உண்டு. “இந்தப் பெயருள்ள வைஃபை இருக்கிறதா, அந்தப் பெயருள்ளது இருக்கிறதா” என்று, தான் எப்போதோ இணைந்த வைஃபைகளின் பெயர்களைச் சொல்லிச் சொல்லியே கூப்பிடும்.

இதை ஒருநாள் வீட்டில் அம்மாவின் பழைய அன்ட்ரொய்ட் போனை வைத்துப் பார்த்தேன். மடிக்கணினியில் வைஃபை அட்டையைக் கேட்கும் நிலைக்கு மாற்றிவிட்டுக் குசினி மேசையில் உட்கார்ந்தேன். அம்மா பக்கத்திலிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்துக்குள் திரையில் ஆறு பெயர்கள். எங்கள் வீட்டு ரூட்டர். யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டு ரூட்டர், அதுவும் மாமாவின் பெயரிலேயே. அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை செய்த தனியார் வைத்தியசாலையின் விருந்தினர் வைஃபை. தங்கச்சியின் கலியாணம் நடந்த மண்டபம். திருகோணமலையில் நாங்கள் தங்கிய ஒரு விடுதி. ஆறாவதாக, ஒரு வங்கிக் கிளை. அம்மாவிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவருடைய கடைசி ஐந்து வருடம், மேசையில் கிடந்த போனிலிருந்து தானாக வெளியே வந்துகொண்டிருந்தது. ரூட்டர் பெயரைக் கொடுத்தால் அது உலகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டுகிற பொதுவான வரைபடங்களும் இருக்கின்றன. ஆர்வலர்கள் 2001 முதல் சேர்த்து வருகிற விக்ல் என்ற தளம் அப்படியானது. மாமா தன் பெயரையே வைத்திருப்பதால் வேறு தேடலும் தேவையில்லை.

இந்தக் கூப்பாட்டை வைத்துத்தான் 2013 இல் லண்டனில் அந்தக் குப்பைத் தொட்டி விவகாரம் நடந்தது. ஒலிம்பிக்கை ஒட்டி ரினியூ என்ற கம்பெனி விளம்பரத் திரை பூட்டிய தொட்டிகளை நகரில் வைத்திருந்தது. அவற்றில் 12 தொட்டிகளுக்குள் வைஃபை கேட்கும் கருவியைப் பூட்டி, நடைபாதையில் போகிறவர்களின் போன்களை எண்ணத் தொடங்கியது. யார் திரும்ப வருகிறார்கள், எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்பதெல்லாம் கணக்கு. செய்தி வெளியே வந்ததும் அந்த ஓகஸ்டிலேயே நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. குப்பைத் தொட்டி தன்னை நினைவில் வைத்திருப்பதை யாருமே விரும்பமாட்டார்கள்தானே.

அதே லண்டனில் 2016 இல் நகரப் போக்குவரத்து நிர்வாகமும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்தது. 54 சுரங்க ரயில் நிலையங்களில் நான்கு வாரம், 56 லட்சம் போன்கள். ஆனால் நிலையங்களில் அறிவித்தல் ஒட்டிச் செய்தார்கள். வேண்டாதவர் வைஃபையை நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். கிங்ஸ் குரொஸிலிருந்து வாட்டர்லூவுக்குப் போக மக்கள் 18 வழிகளைப் பாவிக்கிறார்கள் என்பதுபோன்ற, டிக்கெட்டைப் பார்த்து ஒருபோதும் தெரியாத விஷயங்கள் அதில் தெரியவந்தன. காலையில் கோட்டை ரயில் நிலையத்து நெரிசலில் மாட்டியவர் எவரும் அந்தமாதிரிக் கணக்கு நமக்கும் இருந்தால் நல்லது என்றுதான் நினைப்பார். கருவி ஒன்றுதான், செய்யும் விதம்தான் வேறு.

போன் செய்பவர்களும் சும்மா இருக்கவில்லை. 2014 இல் ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ் 8 வந்தபோது அப்பிள், கூப்பாட்டின்போது பொய் மெக் முகவரியைக் கொடுக்கத் தொடங்கியது. 2019 இல் அன்ட்ரொய்ட் 10, 2020 இல் ஐஓஎஸ் 14 என்று வந்தபின், இணைகிற ஒவ்வொரு வைஃபைக்கும் ஒவ்வொரு பொய் முகவரி என்பது வழக்கமாகிவிட்டது. உங்கள் போனில் அந்த வைஃபையின் விவரத்தைத் திறந்து முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, A, E ஆகிய நான்கில் ஒன்று என்றால் பொய் முகவரி, நல்லது. ஆரம்பத்தில் இந்தப் பொய்யை எல்லாக் கம்பெனியும் ஒழுங்காகச் சொல்லவில்லை. 2017 இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி ஆய்வாளர்கள் பல போன்களில் அதை உடைத்துக் காட்டினார்கள். இன்றைய போன்கள் பரவாயில்லை. தெருவில் நின்றபடி உங்கள் போனை அடையாளம் வைத்துக்கொள்வது பத்து வருடத்துக்கு முன்பிருந்ததைவிட மிகவும் கஷ்டம்.

எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கதை. காலி வீதியோரம் ஒரு உடுப்புக் கடைக்கு வைஃபை அலை பரப்பும் மூன்று பெட்டிகள், அதாவது அக்சஸ் பொயின்ட், பூட்டிக் கொடுத்தேன். அவற்றை நடத்துகிற கொன்ட்ரோலரின் டேஷ்போர்டில், அதாவது கணக்குக் காட்டும் திரையில், “வாசலோடு போனவர்கள்”, “உள்ளே வந்தவர்கள்” என்று ஒரு பக்கம் இருந்தது. முதலாளி முதல் நாளே அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். கடைக்குள் நாலு பேர் நிற்கிறார்கள், திரையில் இருநூற்றுச் சொச்சம். “இவ்வளவு சனமா தம்பி?” என்றார். வெளியே எட்டிப் பார்த்தேன். சிக்னலில் 100 ஆம் இலக்க பஸ் நிற்கிறது, உள்ளே முழு பஸ் சனம். போதாததற்கு, ஒரே போன் பொய் முகவரியை மாற்றி மாற்றிக் கூப்பிட, ஒரு ஆள் ஐந்து ஆளாகத் தெரிகிறார். அந்தக் கணக்கை நம்பி அவர் இன்னொரு காசாளரை வேலைக்கு எடுக்கப் பார்த்தார். நான்தான் தடுத்தேன்.

அப்புறம் ஒரு மாதத்தில் வேறொன்று கேட்டார். இலவச வைஃபை கொடுக்க வேண்டும், ஆனால் போன் இலக்கம் போட்டு, ஓடிபி வந்து, அதைத் தட்டினால்தான் இணைய வேண்டும். செய்து கொடுத்தேன், அது சட்டவிரோதமும் இல்லை, கொழும்பில் பாதி இடத்தில் அப்படித்தான். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் டேஷ்போர்ட் முற்றிலும் வேறாக இருந்தது. பஸ் சனம் ஒருவரும் இல்லை. வரிசையாகப் போன் இலக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக வந்த நேரம், போன நேரம். ஒரு இலக்கம் ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் பகல் பன்னிரண்டரை தாண்டியதும் வந்து இருபது நிமிடம் நின்றிருக்கிறது. முதலாளி அந்த வரியில் விரலை வைத்து, “இது யாராக இருக்கும்? ஒண்டும் வாங்குறதில்லையே” என்றார். யாரோ ஒருவர் மத்தியான வெயிலுக்கு ஏசியில் ஒதுங்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

இங்கேதான் பொய் முகவரியும் கைவிடுகிறது. போன் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரி வைத்திருக்கும் என்றேன் அல்லவா? அதே வைஃபைக்குத் திரும்ப வந்தால் பெரும்பாலும் அதே பொய்யைத்தான் சொல்லும். ஒருமுறை உங்கள் இலக்கத்தைக் கொடுத்துவிட்டால் அந்தப் பொய் முகவரிக்கு உங்கள் இலக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒரே பெயரில் பல கிளைகளுக்கு வைஃபை வைத்திருக்கிற கடை என்றால், எந்தக் கிளைக்குப் போனாலும் போன் தானாக இணையும், நீங்கள் வந்தது பதிவாகும். பொக்கற்றிலிருந்து போனை எடுக்கவே வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு: வைஃபையில் இணையாத உங்கள் போனைப் பிடித்து விளம்பரம் அனுப்ப அந்தக் கடையால் முடிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. மெக் முகவரிக்கு விளம்பரம் அனுப்ப முடியாது. இருக்கிற வழிகள் வேறு. ஏதோ ஒரு செயலிக்கு “எப்போதும் இருப்பிடம் பார்க்கலாம்” என்று அனுமதி கொடுத்திருப்பீர்கள். புள்ளி சேர்க்கும் லோயல்டி கார்டுக்குக் காசாளரிடம் இலக்கம் சொல்லியிருப்பீர்கள். அல்லது வீட்டுக்கு வந்து அந்தக் கடையின் பெயரைத் தேடியிருப்பீர்கள். நீங்கள் தேடாவிட்டால் மகள் தேடியிருப்பாள், வீடு முழுக்க ஒரே இணைப்புத்தானே. போன் நம் பேச்சை ஒட்டுக் கேட்கிறது என்று என்னிடம் சத்தியம் செய்கிறவர்களின் போனை வாங்கிச் செயலிகளின் இருப்பிட அனுமதியைப் பார்த்தால், பெரும்பாலும் அதற்குமேல் கதைக்கத் தேவையிருக்காது.

வைஃபையை நிறுத்திவிட்டால் போதுமா என்றால், அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐபோனில் மேலிருந்து இழுத்து வருகிற பலகையில் வைஃபை படத்தைத் தட்டினால் அது இணைப்பைத்தான் துண்டிக்கும். வைஃபை உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். செட்டிங்ஸுக்குள் போய் நிறுத்த வேண்டும். அன்ட்ரொய்டில் வைஃபையை நிறுத்தினாலும், லொகேஷன் செட்டிங்ஸுக்குள் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் என்று தனியாக இரண்டு இருக்கும். அவை ஒன் ஆக இருந்தால் போன் தேடிக்கொண்டேதான் இருக்கும். நான் என் போனில் அவை இரண்டையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். மெப்பில் என் நீலப் புள்ளி கட்டடங்களுக்குள் சற்றுத் தடுமாறும், பரவாயில்லை.

பெயர் இல்லாத தரவுதானே, யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று சிலர் சொல்வதுண்டு. 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், 15 லட்சம் பேரின் பதினைந்து மாதப் போன் இருப்பிடத் தரவை எடுத்துப் பார்த்தார்கள். பெயரில்லை, இலக்கமில்லை. எந்த நேரத்தில் எந்த டவர் பக்கம் என்பது மட்டும். ஒருவரைப் பற்றி அப்படி நாலே நாலு புள்ளி தெரிந்தால், 95 வீதமானவர்களை அந்தக் கூட்டத்திலிருந்து தனியே எடுத்துவிட முடிந்தது. உங்களுக்கே பொருத்திப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை மயூரபதி அம்மன் கோயில், வார நாட்களில் கோட்டைப் பக்கம் அலுவலகம், சனிக்கிழமை மகளின் ரியூஷன் முடியும்வரை பம்பலப்பிட்டி, இரவு வெள்ளவத்தையில் இன்ன ஒழுங்கை. இந்த நாலும் சேர்ந்த ஆள் கொழும்பில் உங்களைத் தவிர யார்?

நாம் இதை லண்டன்காரரைப்போல எடுத்துக்கொள்ள முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் படிக்க வந்தபோது கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருந்தேன். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாத காலம். எந்த வீட்டில், எந்த அறையில், எந்த ஊரிலிருந்து வந்தவர், எத்தனை நாள் என்று எல்லாம் அந்தத் துண்டில் இருக்கும். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் விடியற்காலையில் எழுப்பி பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. எழுப்ப வந்தவர்களுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தேடித் திரிய வேண்டியிருக்கவில்லை. பெயரும் இடமும் ஒரே தாளில் இருந்தால் என்ன ஆகும் என்பது நம் வயதுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் ஒரு கடையின் லொகின் பக்கத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் அந்தத் துண்டு ஞாபகம் வருகிறது. எண்ணிக்கை எடுப்பது எனக்குப் பிரச்சினை இல்லை. எண்ணிக்கையில் பெயர் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்றுதான் பார்ப்பேன்.

அந்த வகையில் எல்லாவற்றையும்விடப் பெரிய பதிவு, டவர். அதை ஒளிக்க வழியே இல்லை. அழைப்பு வந்தால் எங்கே அனுப்புவது என்று தெரிய, உங்கள் போன் எந்தப் பக்கம் என்பது வலையமைப்புக்குத் தெரிந்தே ஆக வேண்டும். கொழும்பில் டவர்கள் நெருக்கம், ஆகவே இருப்பிடம் சில நூறு மீட்டருக்குள் வரும். வன்னியில் கிலோமீட்டர் கணக்கு. அலை போய்வருகிற நேரத்தை வைத்தும் தூரம் கணிக்கலாம்: 2ஜியில் அந்த அளவுகோலின் ஒரு படி சுமார் 550 மீட்டர், 4ஜியில் சுமார் 78 மீட்டர். சிம்மோ நம் அடையாள அட்டை இலக்கத்தில் பதிவானது. பெயரும் இடமும் அங்கே பிறக்கும்போதே சேர்ந்துதான் பிறக்கின்றன.

இந்தத் தரவால் நல்லதும் நடந்திருக்கிறது. கொழும்பிலேயே இயங்குகிற லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனம், பெயரும் இலக்கமும் மறைத்த அழைப்புப் பதிவுகளை வைத்து நகரின் நடமாட்டத்தை ஆராய்ந்தது. பகல் நேரத்தில் கொழும்பு நகருக்குள் இருக்கிற சனத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் சுற்றுப்புறத்திலிருந்து வருகிறவர்கள் என்று அதில் தெரிந்தது. காலையில் ஹைலெவல் வீதியில் நிற்கும்போது நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் தோன்றுவதை வைத்து பஸ் விட முடியாது, பாலம் கட்ட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய இருப்பிடத் தரவும் இணைய அடையாளங்களும் தனிப்பட்ட தரவுதான் என்று அதன் வரைவிலக்கணத்திலேயே வருகிறது. அதாவது அந்த உடுப்புக்கடை டேஷ்போர்டும் அதற்குள் அடங்கும். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. சட்டத்தை நம்பி போன் இலக்கத்தை எல்லா இடத்திலும் கொடுத்துத் திரியாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். காசாளர் இலக்கம் கேட்டால் “வேண்டாம் தம்பி” என்று சொல்லலாம். பில் அதற்காக நிற்காது.

பொய் டவர் பற்றியும் ஒரு வார்த்தை, கணவர் அதையும் எங்காவது பார்த்திருப்பார். 2ஜியில் போன் தன்னை டவருக்கு நிரூபிக்க வேண்டும், டவர் தன்னைப் போனுக்கு நிரூபிக்கத் தேவையில்லை. அந்த ஓட்டையில்தான் டவராக நடிக்கும் கருவிகள் நுழைகின்றன. அன்ட்ரொய்ட் 12 இலிருந்து பல போன்களில் 2ஜியை நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்கிறது. நிறுத்திவிடுங்கள், நகருக்குள் பெரும்பாலும் ஒன்றும் குறையாது.

இனி மகள். இங்கே நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று கேள்விகளில் உண்மையான ஆபத்து இதில்தான். வைஃபையோ டவரோ அல்ல. பையின் அடிமடிப்பில் போட்டுவிடக்கூடிய, ஒரு குத்தியளவு புளூடூத் டேக். 2021 இல் வந்த அப்பிளின் எயார்டேக்குக்குள் ஜிபிஎஸ் எதுவும் இல்லை. அது சின்னதாக ஒரு புளூடூத் கூப்பாடு போடும், அவ்வளவுதான். பக்கத்தால் போகிற யாருடைய ஐபோனும் அதைக் கேட்டு, “இந்த டேக் இங்கே இருக்கிறது” என்று அப்பிளுக்கு அறிவிக்கும். அந்த ஐபோன்காரருக்கே அது தெரியாது. ஆகவே ஐபோன் நெருக்கமான இடங்களில் அது நன்றாக வேலை செய்யும். காலி வீதி அப்படியான இடம். சாவியைத் தேடச் செய்த சாமானை ஆளைத் தேடப் பலர் பாவித்துவிட்டார்கள்.

நல்ல காலத்துக்குத் தற்காப்பும் வந்துவிட்டது. உங்களுடையதல்லாத டேக் ஒன்று உங்களோடு கூடவே நகர்ந்தால் ஐபோன் எச்சரிக்கும். 2023 இலிருந்து அன்ட்ரொய்டும் எயார்டேக்குக்கு எச்சரிக்கிறது. 2024 மே மாதம் அப்பிளும் கூகுளும் சேர்ந்து, மற்றக் கம்பெனிகளின் டேக்குகளுக்கும் பொதுவான முறையைக் கொண்டுவந்தன. மகளின் போனில் புளூடூத்தும் இந்த எச்சரிக்கையும் ஒன் ஆக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தனியுரிமைக்காக எல்லாவற்றையும் நிறுத்து என்று நான் சொல்லாததற்கு இதுதான் காரணம்: புளூடூத்தை நிறுத்தினால் இந்தக் காவலும் போய்விடும். எச்சரிக்கை வந்தால் டேக்கைச் சத்தமிடச் செய்து தேடலாம். பையின் உள்துணி, குடையின் உறை, வாகனமென்றால் இலக்கத் தகட்டின் பின்பக்கம். கிடைத்தால் போனின் மேல்பகுதியை அதில் தொட்டால் தொடர் இலக்கமும், உரிமையாளர் போன் இலக்கத்தின் கடைசி நாலு இலக்கமும் வரும். அதைப் படமெடுத்துக்கொண்டு பிறகு மூடியை அழுத்தித் திருப்பி பற்றறியைக் கழற்றுங்கள். சந்தேகம் உள்ளவரின் வாசலில் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். படத்தோடு பொலிஸுக்குப் போங்கள்.

அதோடு, மகளின் போனில் இருப்பிடம் பகிர்வது யாரோடெல்லாம் இருக்கிறது என்றும் அவளோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். டேக்கைவிட அதிகமாக நான் கண்டது அதைத்தான்: ஆறு மாதத்துக்கு முன் யாரோ நண்பிக்கு விளையாட்டாகக் கொடுத்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். தெரியாமல் எடுத்துப் பார்க்காதீர்கள். பின்தொடரப்படக்கூடாது என்று நினைக்கிற பிள்ளையை நாமே பின்தொடர்ந்தால் அடுத்தமுறை ஒன்றும் சொல்லமாட்டாள்.

கடைசியாகக் கணவரின் சுவர். அவர் பார்த்த வீடியோ பொய்யல்ல. மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் வைஃபை அலையை உறிஞ்சும், தெறிக்க விடும். அறைக்குள் நீங்கள் நடந்தால் ரூட்டருக்கும் போனுக்கும் நடுவே அலையின் வடிவம் மாறும். யன்னல் சீலைக்குப் பின்னால் விளக்கு எரியும்போது ஆள் நடமாட்டம் நிழலாகத் தெரிவதில்லையா, அதுபோல. 2013 இல் எம்ஐடியில் சுவருக்கு அப்பால் ஆள் அசைவதைக் காட்டினார்கள். 2022 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சாதாரண ரூட்டர் இரண்டை வைத்து அறைக்குள் இருப்பவர்களின் நிலையையே, கை இங்கே கால் இங்கே என்று வரைந்தார்கள். ஆனால் பழக்கப்படுத்திய அறையில் நன்றாக வந்தது, புது அறையில் தடுமாறியது. அதை வீடியோக்காரர்கள் சொல்வதில்லை.

என்னை உண்மையில் நிமிர வைத்தது 2025 இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனத்தின் வேலை. வைஃபை 5 இலிருந்து ரூட்டர் அலையை உங்கள் பக்கம் குவித்து அனுப்பும். அதற்காகப் போன், “எனக்கு அலை இப்படி வந்து சேர்கிறது” என்று ரூட்டருக்கு அடிக்கடி அறிக்கை கொடுக்கும். அந்த அறிக்கை பூட்டில்லாமல், யாரும் கேட்கும்படி போகிறது. அதை மட்டும் கேட்டு, 197 பேரில் நடந்து போகிறவர் யார் என்று ஏறக்குறைய நூறு வீதம் சரியாகச் சொன்னார்கள். நடந்தவரிடம் போன் இருக்கத் தேவையில்லை. சுற்றியிருக்கிற மற்றவர்களின் போன்கள் போதும். இதிலும் அந்த 197 பேரை முதலில் நடக்கவிட்டுக் கணினிக்குப் பழக்கியிருந்தார்கள், அதாவது அங்கேயும் பெயரை யாரோ முதலில் ஒட்ட வேண்டியிருந்தது. ஆனாலும், அதே 2025 இல் வைஃபையால் அசைவை உணர்வதற்கென்றே ஒரு சர்வதேசத் தரநிலையும் வந்துவிட்டது. முதியவர் விழுந்தால் அறிவிக்க, ஆளில்லாத அறையில் ஏசியை நிறுத்த என்று நல்ல காரணங்களோடுதான் வருகிறது. அந்தத் தரநிலைக்குள்ளேயே தனியுரிமைக்குக் கட்டாயமான பூட்டு வேண்டும் என்று கார்ல்ஸ்ரூ ஆட்கள் கேட்டதில் எனக்கு முழு உடன்பாடு. இன்னும் ஐந்து வருடத்தில் இதே கேள்வியை நீங்கள் கேட்டால் என் பதில் வேறாக இருக்கலாம்.

இன்றைக்கு, வெள்ளவத்தையில் ஒரு சாதாரணக் குடும்பத்தை இந்த வழியில் வேவு பார்க்க யாரும் மினக்கெடமாட்டார்கள். அதே கட்டடத்தின் வாசல் காவலாளியின் கொப்பியில் யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று போல்பொயின்ட் பேனாவால் எழுதியிருக்கிறது.

ஆகவே ஃபொயிலைக் கழற்றிவிடுங்கள். அது அலையை முழுக்க மறைப்பதும் இல்லை. வீட்டுக்குள் வேகம் குறையும், ரூட்டர் சூடேறும், அவ்வளவுதான். கழற்றுகிற கையோடு வைஃபையின் பெயரை மாற்றுங்கள். தொடர்மாடிகளில் வீட்டு இலக்கத்தையும் குடும்பப் பெயரையும் சேர்த்து வைஃபைக்குப் பெயர் வைக்கிற பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, லிஃப்டில் நின்று போனைப் பார்த்தாலே மாடி மாடியாக யார் யார் என்று வாசிக்கலாம். பிறகு ரூட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஸ்டிக்கரில் அச்சடித்து வந்த பாஸ்வேர்டைத்தான் இன்னும் பாவிக்கிறீர்கள் என்றால், அதையும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.